பன்னிரண்டா, இருபத்தெட்டா

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாய் தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கடைகளில் கார்டு தட்டும் கருவி, பள்ளிப் பிள்ளைகளின் மலிவு டேப்லெட் போன்றவற்றுக்குப் பிராசசர் வடிவமைத்தோம். ஒரே பிராசசரை இரண்டு அணிகள் இரண்டு அளவு நுட்பத்தில் வரைந்தன; நான் இருபத்தெட்டு நேனோமீட்டர் அணியில் இருந்தேன். அது பழைய தலைமுறை, சிப் செய்யும் பல ஆலைகளுக்குக் கைவந்தது. சிகாமட்டிலிருந்து வந்த ஓர் அண்ணன் பன்னிரண்டு நேனோமீட்டர் அணிக்குத் தலைவர். அதில் சிப் சிறுக்கும், பேட்டரி கூடுதலாகத் தாங்கும். ஆனால் சிலிக்கானில் வடிவம் பதிக்கும் அச்சுத் தகடுகள் செய்யவே பெருஞ்செலவு. இரண்டில் ஒன்றைத்தான் ஆலைக்கு அனுப்ப முடியும்.

முடிவெடுக்கும் கூட்டத்தில் இயக்குநர் முதலில் அண்ணனைத்தான் கேட்டார். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்து, எதிர்வாதமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் லேப்டாப்பை மூடினார்.

"மலிவு சாமானுக்கு இது ஒத்து வராது. எதிர்பார்த்த அளவு விக்கலன்னா தகட்டுச் செலவே நம்மள முழுங்கிடும். பழசுலயே போங்க."

அவருடைய ஆட்களுக்கு வேறு வேலை தருவதாக இயக்குநர் சொன்னார். அதை அண்ணன் நம்பினார். சில வாரங்களில் அந்த அணியையே கலைத்து, ஆட்களுக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவரை மட்டும் எங்களோடு இருக்கச் சொன்னார்கள்.

அண்ணனின் அணியில் ஒரு பெண் இருந்தாள். கல்லூரி முடித்ததும் அவரே அழைத்து வந்து சேர்த்தவள். டீ கலக்கும் பேன்ட்ரியில் எல்லார் முன்னாலும் அவரிடம் கேட்டாள்: "எங்களுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேண்ணே?" அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே வேலையை விட்டார்.

பிறகு பாலம் தாண்டி சிங்கப்பூரில் சோதனை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். எங்கள் சிப் ஆலையிலிருந்து வந்து முதல் தடவையே ஓடியது. கேக் வெட்டினார்கள். நான் வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன். சூடாகிறதா, மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று விசாரித்தார்.

"நான் சொன்னது சரிதாம்மா," என்றார். "ஆனா எங்களோடது ஓடுறத ஒரு தடவ பாத்திருக்கலாம்."

போன வருடம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். பழைய அலுவலகத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணனைத் தேடினேன். அவருக்குப் பத்திரிகையே வைக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மணமக்களை வாழ்த்திவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் புறப்பட்டேன்.