எட்ட வட்டம் என்று சொன்னேன்

நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களியின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் விறகு அறையின் கம்பி ஜன்னலும் அதற்குள் அகப்பட்ட நிலாவும்தான். ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் "பெரிய மனுஷி" ஆனேன். பதினாறு நாள் புறவாசல் விறகு அறையில் தனித் தட்டு, தனிப் பாய், காத்து கருப்பு அண்டாமலிருக்கத் தலைமாட்டில் துருப்பிடித்த அரிவாள் ஒன்று. ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் அப்பா அத்தனை நாளும் புறவாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனுஷி என்று பட்டம் கொடுத்துவிட்டு விறகோடு அடுக்கி வைத்த அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாரல் ஓய்ந்துகொண்டிருந்த ஆவணிக் கடைசி அது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களின் கூச்சல் தெருவிலிருந்து காதில் விழும். போன மாதம்வரை ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றவள், இப்போது ஒரு செம்புத் தண்ணீருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுக் காத்திருந்தேன்.

பொழுது சாய்ந்தால் நிலாதான் துணை. நிலாவைச் சுற்றி ஏன் வட்டம் விழுகிறது என்று சயின்ஸ் டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். வெகு உயரத்து மெல்லிய மேகத்தில் பொடிப்பொடியாகப் பனிக்கட்டி இருக்கிறதாம், நிலா வெளிச்சம் அதில் புகுந்து வளைந்து வரும்போது அகன்ற வளையம் தெரிகிறதாம். நீர்த்துளி மேகமாக இருந்தால் நிலாவை ஒட்டினாற்போல் சின்ன வட்டம். இதை வீட்டில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, குத்தாலத்து மலை உச்சியிலயே பனிக்கட்டி கிடையாது, ஆகாசத்துல எவன் கொண்டு வச்சான்?" எங்கள் வீட்டில் அதற்கு "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்று பேர். "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்பது அப்பாவுக்கு வேதம். அதைப் பார்க்காமல் களத்தில் நெல்லை விட்டுவைக்க மாட்டார்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை. மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா சுரண்டைக்குப் போவதாக இருந்தார், அங்கே கடை வைத்திருந்த அத்தை மகனுக்கு என்னைத் தருவதாக வாக்குக் கொடுக்க. கல்யாணம் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், வாக்கு விழுந்த அன்றே பள்ளிக்கூடம் முடிந்தது என்பது எங்கள் வழக்கம். சனிக்கிழமை வந்து அப்பாவிடம் பேசுவதாக டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். படித்தவர்கள் சொல்லை அப்பா தட்டமாட்டார். பயணம் ஒரே ஒரு நாள் தள்ளிப்போனால் போதும், நான் பிழைத்துவிடுவேன்.

களத்தில் கார் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நிலாவோ வீட்டுக்குப் பின்னால் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை மறைக்கும், புறவாசலுக்கு அப்பா வர முடியாது. அவர் அம்மாவைக் கேட்க, அம்மா அடுக்களையில் இருந்தபடியே என்னைக் கேட்டாள். "ஏட்டி, நிலா கோட்டை கட்டியிருக்கா? எட்டவா, கிட்டவா?"

கட்டியிருந்தது. கிட்ட. கைக்கு இறுக்கமாக வளையல் போட்டதுபோல நிலாவை ஒட்டிக் கிடந்தது.

"எட்டத்தாம்மா இருக்கு. நல்ல அகலம்."

கை கழுவும் சாக்கில் அம்மா புறவாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே உள்ளே போனாள். "எட்ட வட்டந்தான். நானே பாத்தேன்" என்று அவள் சொல்வது கேட்டது. அம்மாவுக்குக் கருக்கலில் கண் சரியில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போகவில்லை. விடியுமுன்னே ஆள் பிடித்து நெல்லையெல்லாம் அள்ளி வீட்டுக்குள் கொட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. "நிலாவும் இப்பம் பொய் சொல்லுது" என்று அவர் நாளெல்லாம் புலம்பினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் வாசலில் முதலில் கேட்டது டீச்சர் குரல் அல்ல, அத்தை குரல். "அண்ணன் வரலியேன்னு நானே பொறப்பட்டு வந்துட்டேன்." தேங்காயும் பூவும் கையோடு கொண்டுவந்திருந்தாள். டீச்சர் வந்து சேர்ந்தபோது அப்பா வெற்றிலை மாற்றிவிட்டிருந்தார். "ஒரு நாழிகை முந்தி வந்திருக்கக் கூடாதா டீச்சர்" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டாராம். டீச்சர் காப்பியைத் தொடாமல் போய்விட்டார். இதையெல்லாம் அம்மாதான் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "களி ஆறுது, தின்னு" என்றாள்.

நான் கட்டிக்கொண்ட அத்தை மகன் கெட்டவர் இல்லை, வாழ்க்கை சுரண்டையில் ஒருவாறு நடந்தது. இப்போது தென்காசி வீட்டின் விறகு அறையில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, களம் இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. மழை வருமா என்று யாரும் நிலாவைக் கேட்பதில்லை, செல்போனைக் கேட்கிறார்கள். பெண்பிள்ளைகளை அரிவாளோடு அடைத்து வைப்பதும் போயிற்று. அது போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அம்மா எழுபது வயதுவரை கண்ணாடி போடாமல், சிம்னி வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தவள். அவளுக்கா அன்று கண் தெரியாமல் போயிற்று? இது எனக்கு உறைத்தபோது கேட்க அவள் இல்லை.

போன வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். நிலாவை ஒட்டி, இறுக்கமாக, அதே வட்டம். பக்கத்தில் யாருமில்லை. "எட்டத்தாம்மா இருக்கு" என்று உரக்கவே சொன்னேன்.