பதினேழாம் எண்ணின் பதில்கள்

பிற்பகல் இரண்டு இருபது. மலைமேல் செம்மேட்டில் நான் தங்கியிருந்த அறையில், மடிக்கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது ஓர் அழும் முகம். அதன் பக்கத்தில் எண் பதினேழு. எங்கே இருக்கிறீர்கள்: காட்டில். யாருடன்: தனியாக.

பதினேழாம் எண் கைப்பேசி அப்போது என் மேசைமேல், அணைத்த நிலையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பதினோரு ஆண்டுகள் நாளிதழில் செய்தி திருத்தியவன். இப்படிப்பட்ட செய்திகள் வந்தால் நான்கு வரியாகச் சுருக்கி உள்பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறேன். நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

இப்போது ஓர் ஆய்வுக் குழுவுக்காகக் களப்பணி செய்கிறேன். மக்கள் அன்றாடம் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, மலையில் சிலருக்குக் கைப்பேசி கொடுத்திருந்தோம். நாளைக்கு ஐந்து முறை அது மணியடித்து, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும். சிரிப்பிலிருந்து அழுகைவரை ஐந்து முகங்கள் வரும், ஒன்றைத் தொட வேண்டும். பிறகு எங்கே, யாருடன் என்று இரண்டு கேள்விகள். பதில்கள் என் திரைக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

எண் பதினேழு ராசு. மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். மூன்று வாரமாகச் சிரித்த முகத்தைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. முந்தின நாள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எந்நேரமும் எப்படி இருக்கறே, எப்படி இருக்கறேங்குதுங்க சார். எம் பொண்டாட்டிகூட இத்தன வாட்டி கேட்டதில்லீங்க."

அழும் முகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கருவிக் கோளாறு என்று எழுதிவிடலாம்தான், ஆனால் அதற்கும் அவரைப் பார்த்ததாக ஒரு வரி வேண்டும். கைப்பேசியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் கிளம்பினேன்.

தை மாதப் பனிமூட்டம் பகலிலேயே இறங்கியிருந்தது. நான் ஓட்டும் வண்டியின் சத்தம் வேறு யாரோ தொலைவில் ஓட்டுவதுபோல் கேட்டது. பலாமரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து, பக்கத்தில் நின்றுவிட்டு, வெள்ளைக்குள்ளேயே போயின. வெகுநேரம் ஓட்டியதாகத் தோன்றியது. கடிகாரத்தில் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

ராசுவின் மனைவி பாப்பாத்தி வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அவரா அழுவற மூஞ்சிய அமுக்குனாரு? எங்கண்ணஞ் செத்த அன்னைக்கே சிரிச்ச மூஞ்சியத்தானுங்க அமுக்குனாரு. ஏன் மாமான்னு கேட்டா, வெளியாளு கேட்டா நல்லாருக்கறேன்னுதான் சொல்லோணும்ங்கறாரு."

"இப்ப எங்கே இருக்காருங்க?"

"கீழ்க்காட்டுக்கு மொளகு பறிக்கப் போனாருங்க. ஒத்தையாத்தான்..."

அந்தச் சொல்லில் நின்றார். கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்துக் காட்டில் வேலையாயிருந்த இரண்டு பேரைக் கூவி அழைத்தார்.

சரிவில் தேடிக்கொண்டே முக்கால் மணி நேரம் இறங்கினோம். மிளகுக்கொடிகளில் நீர் சொட்டும் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. பாப்பாத்தி "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். குரல் மூட்டத்துக்குள் போனது, எதிரொலிகூடத் திரும்பவில்லை. கால்கள் தாமாக நடந்தன. தூக்கத்தில் ஒருமுறை இதே பாதையில் இறங்கியிருக்கிறேன் என்று ஏனோ நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் நான் அங்கே போனதில்லை.

மிளகுக்கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் ஏணி முறிந்து கிடந்தது. பக்கத்தில் ராசு. தொடை எலும்பு வெளியே தெரிந்தது, சருகெல்லாம் ரத்தம். கண் திறந்திருந்தது. பாப்பாத்தி முந்தானையைக் கிழித்து இறுகக் கட்டினார். போர்வையில் கிடத்தித் தூக்கினோம்.

ராசு என்னைப் பார்த்துப் பேசினார். "மணி அடிச்சுதுங்க சார். எப்படி இருக்கறேன்னு கேட்டுச்சு. இந்த வாட்டி நல்லாருக்கறேன்னு சொல்ல முடியலீங்க."

"போனத்தான் நேத்தே குடுத்துட்டீங்களே மாமா" என்றார் பாப்பாத்தி.

"மறுக்காவும் அடிச்சுதே. அப்ப நீதான பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிட்டிருந்தே? உனக்குக் கேக்கலையா?"

"பெனாத்தாம கம்முனு வாங்க." அதட்டலாகத்தான் சொன்னார், குரல் உடைந்துவிட்டது.

ராசு பிழைத்துக்கொண்டார். நாமக்கல்லில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். இப்போது தடியூன்றிச் செம்மேட்டுச் சந்தைக்கு வருகிறார். என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார், கைப்பேசியைப் பற்றிப் பேசமாட்டார். எண் மாறிப் பதிவாகியிருக்கும் என்றார் எங்கள் குழுவின் கணினிப் பொறியாளர். மற்ற எண்களை நானே சரிபார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை.

ராசு விழுந்த அன்று மாலை அறைக்குத் திரும்பித் திரையைப் பார்த்தபோது, பதினேழாம் எண்ணிலிருந்து இன்னொரு பதிலும் வந்திருந்தது. நேரம் மூன்று ஐந்து. சிரித்த முகம். எங்கே இருக்கிறீர்கள்: காட்டில். யாருடன்: மனைவியுடன்.

நாங்கள் ராசுவிடம் போய்ச் சேர்ந்தது மூன்று நாற்பதுக்கு.