இல்லாத அவுரித் தொட்டி

யுத்த காலத்தில் நான் சிதம்பரத்தில் பொருளாதார வரலாற்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஊரே அரிசிக்கு வரிசையில் நிற்க, நூறு வருடத்துக்கு முன் தென்னாற்காட்டில் அவுரிச் செடியிலிருந்து நீலச் சாயம் எடுத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று அவசரமாகக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

என் பேராசிரியர் கிராமப் பொருளாதாரத்தில் பெரிய நிபுணர். ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் போனதை யாரும் பார்த்ததில்லை. "எழுத்துல இருக்கா? இல்லேன்னா அது நடக்கவே இல்லை" என்பார்.

ஆகவே கடலூரில் ஒரு பழைய பதிவறையில் ஆறு மாதம் தூசி தின்றேன். கரையான்கள் எனக்கு முன்பே ஆராய்ச்சியை முடித்திருந்தன. அவை மிச்சம் வைத்த ஒரு தாளில், குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் செடியை ஊறவைக்கச் செங்கல்லால் கட்டிய பெரிய அவுரித் தொட்டி இருப்பதாகக் கண்டிருந்தது.

அறைத்தோழனின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, பூட்ஸ், தோல் பை, அளக்கும் டேப் சகிதம் கிளம்பினேன். அறிஞன் என்று ஊரார் மதிக்க வேண்டுமல்லவா? மதித்தார்கள். என்னைக் கண்டதும் தெருவே காலியானது. வீட்டு வாசலில் ஒரு விவசாயி மட்டும் அகப்பட்டார்.

"இந்த ஊர்ல அவுரித் தொட்டி இருக்காமே?"

"தொட்டியா? இங்க ஏதுங்க சார் தொட்டி."

"உங்க தாத்தா காலத்துல எத்தனை காணி பயிர் வச்சாங்க?"

"அவுரு நெலத்தையே பார்த்ததில்லீங்க."

"இப்ப விளைச்சல் எப்படி?"

"மழையே இல்லீங்களே" என்றார். என் பூட்ஸ் கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது. 'இப்பகுதியில் விவசாயத்தின் சுவடுகள் அரிது' என்று நோட்டில் பொறுப்பாக எழுதிக்கொண்டேன்.

தாளில் இருக்கும் தொட்டி ஊரில் இல்லாதது மனதை அரித்தது. அடுத்த மாதம் மறுபடி போனேன். கோட்டை அதன் சொந்தக்காரன் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டதால், வேட்டி சட்டையில்.

அதே விவசாயி ஏற இறங்கப் பார்த்தார். "கோட்டு இன்னா ஆச்சி?"

"அது இரவல்."

"யுத்தத்துக்குன்னு வீடு வீடா நெல்லு கொள்முதல் பண்ணிக்கினு போற ஆபீசரு இல்லியா நீங்க?"

"இல்லைங்க. நான் படிக்கிறேன்."

"இந்த வயசுலயா?" என்றார். அதிகாரிக்குக் கிடைக்காத இரக்கம் அவர் முகத்தில் வந்தது. என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போய் வைக்கோல் போரின் ஒரு பக்கத்தை விலக்கினார். கீழே செங்கல் சுவர். உள்ளே விளிம்புவரை நெல்.

"தம்பி கேட்ட தொட்டி இதான். ஆபீசரு வந்து கேட்டா இருக்குதுன்னா சொல்லுவாங்க?"

ஊர் பெயரை எங்கும் எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நீள அகலத்தை அளக்க விட்டார். ஆழத்துக்கு நெல் தீர வேண்டியிருந்தது. ஆவணியில் வரச் சொன்னார்.

ஆவணியில் போய் வெறும் தொட்டிக்குள் குதித்தேன். சுண்ணாம்புப் பூச்சில் மங்கலாக நீலம் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பட்டத்தின் நினைப்பே அப்போது இல்லை. பிறகுதான் ஏற முடியாது என்று தெரிந்தது. விவசாயியும் அவர் மனைவியுமாகக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

"இதுக்கா இம்மாம் படிப்பு?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

பேராசிரியர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு ஆதாரம்?" என்றார்.

"நான் இறங்கி அளந்தேன் சார்."

"நீ பார்த்ததெல்லாம் ஆதாரமா? யாராவது எழுதியிருக்காங்களா?"

கடலூர்த் தாளைக் காட்டினால் ஊர் பெயர் தெரிந்துவிடும்; வேறு யாரும் எழுதவில்லை. எனவே நானே ஒரு சிறு பத்திரிகைக்கு அதைக் கட்டுரையாக எழுதினேன். விவசாயிக்குக் கொடுத்த வாக்குக்காக ஊர் பெயரை விட்டேன். என்னை வைத்து ஊரைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து புனைபெயர் போட்டேன். அச்சில் வந்ததும் அதையே அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டினேன். பேராசிரியர் மகிழ்ந்துபோனார்.

பட்டம் கிடைத்தது. வெளியூர்த் தேர்வாளர் தம் அறிக்கையில் ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார்: தொட்டியைப் பற்றி எழுதிய அந்த அறிஞரை நான் நேரில் சந்தித்து ஆலோசனை கேட்டிருந்தால், ஆய்வு இன்னும் ஆழமாக அமைந்திருக்குமாம்.