ஒரு கைப்பிடி இலந்தை இலை

எங்கள் தெருவில் யார் சாகப்போகிறார்கள் என்பது எங்கள் வீட்டு இலந்தைப் புதருக்கு முன்கூட்டியே தெரியும். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது இதை நானாகவே கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

குரோம்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க அப்போதே அடுக்குமாடிகள் வந்துவிட்டன. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கொஞ்சம் மண் மிச்சமிருந்தது; அதில் முக்கால்வாசி இந்தப் புதருக்கு. பாலைவனத்திலேயே தழைக்கிற செடிக்குக் குரோம்பேட்டை எம்மாத்திரம். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. கிளைக்குக் கிளை முள். ஒன்று நேராகக் குத்தும். இன்னொன்று கொக்கியாக வளைந்து, உள்ளே போன கையை வெளியே விடாது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருடைய அக்காவான என் குப்பி எங்களோடுதான் இருந்தார். அவருக்கு அந்தப் புதர்தான் மருந்துக்கடை. இலையை அரைத்தால் சோப்பு மாதிரி நுரைக்கும், தலைக்குத் தேய்ப்பார். கட்டி வந்தால் பற்றுப் போடுவார். வெட்டிய கிளைகளைப் பூனை ஏறாமல் சுவர்மேல் பரப்பிவைப்பார்.

வெளியாட்கள் வந்து கேட்பது வேறு காரியத்துக்கு. எங்கள் ஆட்களில் யாராவது இறந்தால் மய்யித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் இலந்தை இலை போடுவது வழக்கம். பெண்களைக் குளிப்பாட்டவென்று ஓர் அம்மா இருந்தார். அவர் காலிங்பெல்லை அழுத்தமாட்டார். மதிய வெயிலில் கேட்டுக்கு வெளியே சும்மா நிற்பார். குப்பி எப்படியோ தெரிந்துகொண்டு வெளியே போய் இலை பறித்து அவர் பையில் போடுவார். அந்த அம்மா தெரு திரும்பியதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து ஒரு பெயரைச் சொல்லும். முதலில் இலை, பிறகு பெயர். எனக்குக் கணக்கு சரியாகவே வந்தது. பறித்த இடத்தில் சில நாளிலேயே பளபளவென்று துளிர் விடும். காற்றில்லாத மதியத்திலும் உள்ளே ஏதோ சரசரக்கும். ஓணான் என்பார் குப்பி. நம்பியதாகக் காட்டிக்கொள்வேன்.

ஒருமுறை அந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். "பெரிய ஒடம்புமா அது. இன்னும் ரெண்டு கை போடு." பிறகு கதவோரம் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு, தம்பி பொண்ணா? இன்னா இப்டி எலும்பா கீது. சோறு துன்னுதா இல்லியா?"

ஆளுக்கேற்ற அளவு உண்டு என்பது அன்று விளங்கியது. என் அளவையும் எடுத்துவிட்டார்கள் என்பதும்.

என் அம்மா பிரசவத்துக்காகத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்குக் காய்ச்சல். பாப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னைக் கூட்டிப்போகவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். மதியம் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அத்தா வீட்டுக்குள் வரவில்லை. நேரே புதரிடம் போய்க் கையை நுழைத்தார். முள் கிழித்தது, அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குப்பி பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"பையெல்லாம் வேணாம்க்கா," என்றார் அத்தா. "ஒரு கைப்பிடி போதும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஒரு கைப்பிடி. எலும்பாக இருக்கிற ஆளுக்கு அது போதும்தான்.

ஆட்டோ போயிற்று. ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது. குப்பி வெந்நீர் வாளியோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"வாம்மா, காச்சல் விட்டுடுச்சு. தலைக்கு ஊத்திவிடுறேன்."

கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அவர் என் காலைப் பிடித்து இழுத்தபோது, "நான் இன்னும் சாவல குப்பி, எனக்கு எலத் தண்ணி வேணாம்," என்று அழுதேன்.

குப்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளியைச் சாய்த்துக் காட்டினார். வெறும் தண்ணீர்.

"உனக்கு இல்லம்மா," என்றார். "அது உனக்கு இல்ல."

பின்னே யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. குளித்தேன். ரசம் சோறு மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன். வாசலுக்குப் போய்ப் புதரைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அத்தனை சந்தோஷம் பிறகு எனக்கு வாய்த்ததேயில்லை. குப்பி என்னை எதற்கும் திட்டவில்லை.

சாயங்காலம் அத்தா வந்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "எனக்கு இல்லயாம் அத்தா," என்றேன்.

அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறந்த குழந்தையை வைத்துக்கொள்வதுபோல என்னை மடியில் கிடத்தி, தலைக்கடியில் கையைக் கொடுத்துக்கொண்டார். கால் இரண்டும் நாற்காலிக்கு வெளியே தொங்கின. இவ்வளவு பெரிய பெண்ணை இப்படியா வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தா விடவேயில்லை. அவருக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.