கெட்டுப்போகாத சோடா

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் சாந்தினி டீச்சர். அதற்குப் பிறகும் பலர் செய்திருக்கிறார்கள், ஆனால் வரிசை மாறக்கூடாது என்பதால் அவர் பெயரை முதலில் எழுதுகிறேன்.

மளிகைக் கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: தீபாவளிக்கு என்ன விற்கும், சாமி கும்பிடும் நாளில் என்ன விற்கும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம், ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு நாளை என்ன விற்கும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே என் கடை இருக்கிறது. மேலே குடியிருக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணிக்கு ஆன்லைனில் வகுப்பு. முதலில் வாசிப்பு, பிறகு அறிவியல். இரண்டரை மணி வாக்கில் டீச்சர் குரூப்பில் ஒரு செய்தி போடுவார், இன்றைக்கு இன்ன இன்ன சாமான் வேண்டும் என்று. அடுத்த நிமிடம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் பலூன் வாங்கி அடுக்கினால் அவர்கள் காந்தம் கேட்பார்கள். காந்தம் வாங்கி வைத்தால் உறிஞ்சு குழாய் கேட்பார்கள். கடை வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் வாசலிலும் இது நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பொங்காத எரிமலை

அன்றைக்கு எரிமலைப் பாடம். மண்ணைக் குவித்து நடுவில் குழி செய்து, ஆப்பச் சோடாவைக் கொட்டி, வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். நாலாவது மாடி யாழினி, மூன்றாம் வகுப்பு படிக்கிற பெண், என்னிடம் ஒரு பொட்டலம் சோடா வாங்கிக்கொண்டு ஓடினாள். வினிகர் வீட்டிலேயே இருக்கிறது என்றாள். அவள் அம்மா ரேவதி பத்து காவானில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர், பகலில் தூங்குவார். பிள்ளை தானாகவே எல்லாம் செய்துகொண்டாள்.

எரிமலை பொங்கவில்லை. டீச்சர் என்ன கேட்க வேண்டும்? எப்படிச் செய்தாய், எவ்வளவு போட்டாய் என்று கேட்க வேண்டும். அவர் கேட்டது, "சோடா எங்க வாங்கின?" யாழினி என் பேரைச் சொன்னாள். அத்தனை பிள்ளைகளும், பின்னால் நின்ற தாய்மார்களும் கேட்க, அந்தக் கடைச் சோடா கெட்டுப்போயிருக்கும், இனிமேல் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்து வாங்குங்கள் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அதே பெட்டியிலிருந்து வாங்கிய இரண்டாம் மாடிப் பையனின் எரிமலை மேசை, பாய், அவன் அப்பாவின் சட்டை வரைக்கும் பொங்கியதாம். அவனை யாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வகுப்பு முடிந்த கையோடு யாழினியே கீழே இறங்கி வந்து, மிச்சமிருந்த பொட்டலத்தைக் கல்லா மேல் வைத்துச் சொன்னாள்:

"தாத்தா, உங்க சோடா செத்துப்போச்சுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

வினிகர் பஞ்சம்

ஒரு கடைக்கு ஒரு பொருள் கெட்டது என்று பேர் வந்தால் அது அந்தப் பொருளோடு நிற்காது. முதலில் சோடாவை விட்டார்கள். பிறகு உளுந்து வாங்க வந்தவர் உளுந்தை மோந்து பார்த்தார். முப்பது வருஷமாக என்னிடம் மாவு வாங்கும் அம்மா பையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நோட்டு செல்லுமா என்று பார்ப்பதுபோல. பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், ஏனென்றால் மூன்று மணிக்குள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது. வந்து, "எல்லாம் குடுங்க, சோடா மட்டும் வேணாம் தாத்தா" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த வாரத்தில் முட்டையை வினிகரில் ஊறவைக்கச் சொன்னார் டீச்சர். ஓடு கரைந்து முட்டை ரப்பர் பந்து மாதிரி ஆகுமாம். என் கடையில் இருந்த வினிகர் முழுவதும் கால் மணி நேரத்தில் காலி. பக்கத்தில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஹமீது பாய்க்குப் பச்சை மிளகாய் ஊறப்போட வினிகர் வேண்டும், தினமும் என்னிடம்தான் வாங்குவார். வந்தார், காலி அலமாரியைப் பார்த்தார், காரணத்தைக் கேட்டார். சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேல்மாடிகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் காசி, முட்டைய நான் மீயில போட்டா ஒரு வெள்ளி காசு கூடக் கேக்குறேன்னு சண்டைக்கு வர்றாங்க, வினிகர்ல போட்டா கை தட்டுறாங்களா? நல்லா இருக்குலா ஒங்க படிப்பு!"

என் கடையில் நான் வாய் திறக்கக்கூடாது

அம்மா தூங்குவதால் யாழினி சத்தம் போட்டு வாசிக்க வீட்டில் வழியில்லை. அதனால் என் கடை வாசலில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வகுப்புக்குச் சேர ஆரம்பித்தாள். கடையின் வைஃபையைக் கேட்டாள், கொடுத்தேன். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அநியாயம் செய்தவரின் குரலை நானே காசு கட்டித் தினமும் என் வாசலுக்கு வரவழைத்த கதை இது.

ஒருநாள் யாழினியின் முறை. குரங்குகளைப் பற்றிய பாடம். "குரங்குகள் கூட்டமாக வாழும். உணவுக்காக ஒன்றோடொன்று சண்டையிடும்" என்று அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே ஓர் அக்கா பெரிய வெங்காயத்தின் விலையைக் கேட்டு, போன வாரம் குறைவாகத்தானே கொடுத்தீர்கள் என்று ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா? இந்தியாவிலிருந்து வருகிற வெங்காயம் என்ன விலை, லிட்டில் இந்தியாவில் மொத்தக் கடைக்காரன் என்னிடம் எவ்வளவு வாங்குகிறான் என்று நானும் குரலை உயர்த்தினேன். போனிலிருந்து சாந்தினி டீச்சர் பேசினார். "பின்னால பேசுறவங்க கொஞ்சம் அமைதியா இருங்க. யாழினி, அந்தப் பக்கத்த மியூட் பண்ணும்மா." யாழினி என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். நான் வாயை மூடினேன். வெங்காயத்துக்கு அந்த அக்கா சொன்ன விலைதான் கடைசியில். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்:

"தினமும் மூணு மணிக்கே வர்றேண்ணே, அப்பதான் நீங்க வாய் பேச மாட்டீங்க."

தோல் உரித்த ஆரஞ்சு

மிதப்பதும் மூழ்குவதும் என்று ஒரு பாடம். தோலோடு போட்டால் ஆரஞ்சு தண்ணீரில் மிதக்கும், தோலை உரித்துப் போட்டால் மூழ்கும். இரண்டாம் மாடிப் பையன், சட்டை வரைக்கும் எரிமலை பொங்கிய அதே வீட்டுப் பையன், ஓர் ஆரஞ்சு வாங்கிப் போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, உரித்து, நனைந்து, பிசுபிசுவென்று இருந்த பழத்தை நீட்டினான். மூழ்கிவிட்டதாம், மாற்றித் தரவேண்டுமாம். மூழ்குவதுதான்டா பாடம் என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேனே, வாசலில் வைத்துத்தானே நடந்தது. அவன் அசையவில்லை. முன்பெல்லாம் என் கடையில் யாரும் இப்படி நின்றதில்லை.

"உங்க கடைல சாமான் சரியில்லன்னா மாத்திக்கலாம்னு எங்கம்மா சொன்னாங்க தாத்தா."

வாசனையான வினிகர்

உண்மை தானாக வெளியே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ரேவதி கடைக்கு வந்தார். சூடமும் பூவும் வாங்கியவர் போகாமல் நின்றார். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தது தெரிந்தது. கடை காலியானதும் சொன்னார். அவர்கள் வீட்டில் சாமி மேடை குசினி மூலையில்தான். பழைய வினிகர் பாட்டிலைக் கழுவி, அதில் பன்னீர் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் "அடுப்புக்கிட்ட பாரு" என்று சொல்ல, பிள்ளை சோடா எரிமலையில் பன்னீரை ஊற்றியிருக்கிறாள். நல்ல வாசனையாக இருந்ததாம், புது வினிகர் என்று நினைத்தாளாம். இப்போது விளக்கேற்றப் போகும்போது பாட்டில் பாதியாக இருப்பதைப் பார்த்துத்தான் ரேவதிக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

எனக்கு நெஞ்சில் ஏறியிருந்த மூட்டை இறங்கியது. இப்போதே மேலே போய் குரூப்பில் போடு, டீச்சரிடம் சொல் என்றேன். ரேவதி கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையைத் தனியாக விட்டுத் தூங்குகிறாள் என்று ஏற்கெனவே அந்தத் தாய்மார்கள் பேசுகிறார்களாம். இதுவும் தெரிந்தால் அவ்வளவுதானாம். இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணிடம் நான் என்ன சண்டை போட முடியும்? அவர் பேரைக் காப்பாற்ற என் பேர் கெட்டபடியே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன். இங்கே எழுதும்போதுகூட அவரிடம் கேட்டு, அவர் வீட்டுப் பேர்களையும் மாடியையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அவர் போகும்போது சொன்னது:

"உங்க சோடா மேல தப்பே இல்லண்ணே, ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

லேபிள் வாசிப்பு

நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் வாய்ப்பு வந்தால் விடமாட்டேன். பொருள்களின் லேபிளை வாசிக்கும் பாடம் வந்தது. கடைக்கோ குசினிக்கோ போய் ஒரு பொருளை எடுத்து, அதில் மலாயிலோ இங்கிலீஷிலோ இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். பேர் என்ன, எடை என்ன, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும். டீச்சரின் செய்தியை யாழினி காட்டியதும் நான் உள்ளே போய், விற்காமல் கிடந்த சோடாப் பெட்டியை, அதே பெட்டியைத்தான், எடுத்து வந்து பிள்ளைகளின் கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கினேன். எனக்குப் பயம் இல்லை. ஞாயிறு தோறும் தேதி பார்த்து அடுக்குகிற கடை என்னுடையது.

பிள்ளைகள் கூட்டமாக வந்து சார்டின் டின், பிஸ்கட், மிளகாய்த்தூள் என்று உரக்க வாசித்தார்கள். வாங்க வந்த பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாத் தேதியும் நல்ல தேதி. யாழினி சோடாவை எடுத்தாள். போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல நின்று வாசித்தாள். "சோடியம் பைகார்பனேட். எடை நூறு கிராம். அடுத்த ஆண்டு முடியும் வரைக்கும் பயன்படுத்தலாம். காசி தாத்தா கடை." கடைசி மூன்று சொல் லேபிளில் இல்லை, அவளாகச் சேர்த்தது. நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சாந்தினி டீச்சர், "அருமை யாழினி! சோடியம்ங்கிற சொல்ல எவ்வளவு தெளிவா உச்சரிச்ச! அஞ்சு நட்சத்திரம். அடுத்தது யாரு?" என்றார். அவ்வளவுதான். ஹமீது பாய் வெங்காயப் பையோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"கேஸுல ஜெயிச்சது ஒங்க சோடா காசி, நட்சத்திரம் வாங்கினது அந்தப் பொண்ணுலா."

டீச்சர் நேரில் வந்தார்

பள்ளித் தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது கீழ் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். அதற்காகக் கடல் பாலத்தைத் தாண்டி, பத்து காவான் புது வீட்டிலிருந்து சாந்தினி டீச்சர் வந்திருந்தார். முடிந்ததும் என் கடைக்குள் நுழைந்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்தார், பிறகு தட்டைப் பார்த்து, மறுநாள் அப்பம் சுடப் போவதாகச் சொல்லி, ஒரு பொட்டலம் சோடாவும் எடுத்தார். என் சோடாவை! கல்லாவில் வைத்து, "அங்கிள், இது நல்லா பொங்குமா?" என்று கேட்டார்.

"டீச்சர், இதத்தான் நீங்க கெட்டுப்போச்சுன்னு எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் சொன்னீங்க."

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஐயோ அங்கிள், அதையா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றார். வேறெதை வைத்துக்கொள்வது என்றேன். சொன்ன இடத்திலேயே திருப்பிச் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். "கண்டிப்பா அங்கிள். திங்கக்கிழமை முதல் வேலையா சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் கல்லாவை விட்டு வந்து அரிசி மூட்டைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஹமீது பாயும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். டீச்சர் வணக்கம் சொன்னார், முதலையைப் பற்றி வாசிக்க வைத்தார், பிறகு காந்தத்தை எடுக்கச் சொன்னார். என்னைப் பற்றிய பேச்சே வரவில்லை. யாழினி பொறுத்துப் பார்த்துவிட்டு மைக்கைத் திறந்து, "டீச்சர், தாத்தா காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். போனிலிருந்து பதில் தெளிவாக வந்தது:

"எந்தத் தாத்தா, யாழினி?"

வைஃபையை அணைத்துவிடுங்கள் என்று ஹமீது பாய் சொல்கிறார், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருப்பவர் தினமும் மூன்று மணிக்குத் தவறாமல் என் வாசலுக்கே வந்து நிற்கும்போது, கதவைச் சாத்த நான் என்ன முட்டாளா?