இரண்டு வெள்ளைக் குமிழ்கள்

மகன் புதுக் கார் எடுத்திருக்கிறான். உள்ளே கைக்குப் பிடிபட ஒன்றுமில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடித் திரை. பாட்டும் குளிர்காற்றும் அதற்குள்தான். போன கிழமை அவனும் நானும் மனைவியும் மூன்று பேருமாய்ப் போனோம். காற்றைக் குறைக்க அவன் திரையைத் தடவிய நேரம் பார்த்து ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்ட வேகத்தில் என் நெற்றி முன்னால் இடித்தது.

"றோட்டைப் பாரடா! உந்தச் சனியனைப் பாத்துக்கொண்டு எப்பிடியடா கார் ஓடுறது?"

"பழகினாச் சரி, அப்பா. ஒரு பொத்தானும் துருத்திக்கொண்டு நிக்கேல்லை, பாருங்கோ. எவ்வளவு வடிவு!"

வடிவு என்ற சொல்லே எனக்கு ஆகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மாங்குளம் சந்தியில் பழைய காரொன்றை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடினேன். சண்டைக் காலம்; அரசாங்கத்தின் தடையால் பெற்றோல் வன்னிக்குள் வராது. சின்ன மருந்துப் போத்தலில் கிடக்கும் பெற்றோலில் நாலு துளி கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். கண் பாதி நேரம் வானத்தில் இருக்கும். ஆமியின் ஹெலி எப்போது வந்து சுடும் என்று யாருக்குத் தெரியும்? கைதான் காரை ஓட்டியது. எஞ்சின் சூடு குறைந்து திணறினால் இழுத்துவிடும் சோக்குக்குச் சொரசொரத்த கறுப்புக் குமிழ். அதற்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டும் கம்பிக்கு நான் வளைத்துக் கட்டிய ஆணி. ஆணியை இழுத்தால் எண்ணெய் நிற்கும். பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.

சந்தியில் மற்ற ஹயர்காரர் விடுவார்களா? "ஆணியில ஓடுற கார் வருகுது!" என்று பகிடி பண்ணுவார்கள். ஒரு கலியாண வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு வேறு காரைப் பிடித்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பற்றரி கிடைக்காமல் ஊமையாய்க் கிடந்த ரேடியோவிலிருந்து இரண்டு வெள்ளைக் குமிழ்களைக் கழற்றி, சோக்குக்கு ஒன்றும் கம்பிக்கு ஒன்றுமாய்ப் பொருத்தினேன். பளிச்சென்று இருந்தது.

மனைவி பார்த்தாள். அப்போது அவளுக்கு நிறைமாதம்.

"இஞ்சருங்கோ, ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கு. மாறிப்போகாதே?"

"இது பழகின கை. நீ உன்ர குசினியைப் பார்."

மூன்றாம் நாள் காலை அவளுக்கு வலி கண்டது. தலைச்சன் பிள்ளை. பின் சீற்றில் படுக்க வைத்துக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எங்கள் பக்கத்து வாகனம் எதுவும் போகாது. எஞ்சினை நிறுத்தாமல் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினேன். ஆனையிறவு ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிச் சத்தம் கேட்டது. பாய்ந்து ஏறி, கண்ணை வானத்தில் வைத்தபடி, சோக்கை இழுத்துக்கொண்டு மரங்களுக்குக் கீழே விட்டேன். கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றது.

ஹெலி எங்களைக் கவனிக்காமல் போய்விட்டது. கார் அசையவில்லை. எண்ணெயில் அழுக்கு என்று நினைத்தேன். கார்பரேற்றரைக் கழற்றினேன், வாயால் ஊதினேன், துடைத்துப் பூட்டினேன். பெற்றோல் முழுவதையும் விட்டுப் பார்த்தேன். பிடித்துப் பிடித்து நின்றது. அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. பிறகுதான் கண்ணில் பட்டது: வெளியே இழுபட்டிருந்தது சோக் அல்ல, எண்ணெயை நிறுத்தும் மற்றக் குமிழ்.

சத்தமில்லாமல் அதை உள்ளே தள்ளினேன். கோயிலடியில் நின்றவர்களைக் கூப்பிட்டுத் தள்ளுவித்து, ஒருவழியாய் ஸ்டார்ட் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துத்தான் பிறந்தது. பெடியன். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர்.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். எண்ணெய் விற்றவனின் கடைக்கே போய்ச் சண்டை பிடித்தேன். பாவம், அந்த மனுசன் அழுதான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. மனைவியிடமும் அதே பொய்தான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பிறந்தவன்தான் இந்த மகன்.

நெற்றியைத் தடவியபடி அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "வடிவாம் வடிவு! வடிவைப் பாத்தே கார் செய்யிறது?"

பின் சீற்றில் இருந்த மனைவி மகனிடம் சொன்னாள்:

"கொப்பரும் அண்டைக்கு வடிவுக்குத்தான் மாத்தினவர். குமிழை உள்ளுக்குத் தள்ளினதையும் நான் கண்டனான்."

மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன குமிழ், அப்பா?" என்று கேட்டான்.