அரை சென்டிமீட்டருக்காக நான் செய்த ஜெபம்

1997 அக்டோபரில் ஒரு மழை நாள். கனரக வண்டிகள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் நான் ஒரு கியர் உறையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். கருங்கல் பலகையால் ஆன அளவு மேசையின்மேல் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தேன். என் ரவிக்கைக்குள்ளிருந்து கேழ்வரகு கொட்டியது.

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே, இப்போது நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த வயதான ஃபிட்டர் அண்ணன், "இன்னாம்மா, டிபன் டப்பா தொறந்துகிச்சா?" என்று கேட்டுவிட்டு, பாவம், தன் கையாலேயே கூட்டி அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

அந்த வருடம் ஜனவரியில் என் இடது மார்பகத்தை எடுத்திருந்தார்கள். புற்றுநோய். எனக்கு அப்போது முப்பது வயது. ஜூலை வரைக்கும் மருந்து ஏற்றினார்கள். முடி போனது, திரும்பி வந்தது. நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சபையில் எல்லோருக்கும் "கட்டி எடுத்தார்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். எந்த இடத்துக் கட்டி என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வெறுமையாக இருந்த பக்கத்துக்கு நானே ஒரு பை தைத்துக்கொண்டேன். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்பவள். வரைபடம் போடாமல் எனக்கு எதுவும் செய்ய வராது. எனவே முதலில் வரைபடம், பிறகு காடாத் துணி, பிறகு வலது பக்கத்துக்குச் சமமான எடையில் கேழ்வரகு. மழைக்காலத்தில் அது ஈரம் ஏறி நாறியது. வாரம் ஒருமுறை மாற்றினேன். அன்று தையல் விட்டுப்போயிற்று.

என் கணவர் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டுகிறவர். ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டு அவர் கையில்தான் இருக்கிறது. அதிகம் பேச மாட்டார். "நீ எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்" என்று அவர் சொன்னது அன்பினால்தான். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு ஒன்றாக இருக்கலாம், குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்பவள் நான் அல்லவா? கண்ணாடியை அலமாரிக்குள் திருப்பி வைத்தவள் நான். ஆராதனையில் பாடலுக்கு எழுந்து நிற்கக்கூடக் கூச்சப்பட்டு, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

டிசம்பரில் வேலூருக்குப் பரிசோதனைக்குப் போனபோது, வயிற்றுச் சதையை எடுத்து மார்பகத்தை மறுபடி அமைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அதைச் செய்யும் பெண் டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். மார்ச்சில் செய்யலாம், யோசித்துச் சொல் என்றார். பங்காரப்பேட்டை வரும்வரைக்கும் ரயிலில் அந்தக் குறிப்பையே திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சரியாக வராவிட்டால்? இன்னொரு முறை என் உடம்பைக் கிழித்து, இன்னொரு முறை ஏமாந்துபோனால் நான் எழுந்திருப்பேனா? வேண்டாம் என்று ஒரு நாள். வேண்டும் என்று மறுநாள்.

நம் பெண்கள் கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது வருடத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவரும் பெயர் போடாமல் ஒரு ஜெபச் சீட்டு எழுதிக் கூடையில் போடுகிறோம். கூடை திரும்பி வரும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, அது யாருடையது என்று கேட்காமல், ஈஸ்டர் வரைக்கும் அதற்காக ஜெபிக்கிறோம். 1998 ஜனவரியில் நானும் எழுதினேன். என்ன நோய், எந்த உறுப்பு, எதையும் குறிப்பிடவில்லை. மிகவும் சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக நினைத்தேன். நான் எழுதியது இது:

1. மார்ச் மாத அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும்.
2. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வித்தியாசம் அரை சென்டிமீட்டருக்குள்.
3. பழைய ரவிக்கைகள் எல்லாம் பிடிக்காமல், தொங்காமல் பொருந்த வேண்டும்.
4. தழும்பு தெரியக் கூடாது.
5. தொட்டால் முன்போலவே உணர்ச்சி இருக்க வேண்டும்.
6. இதை அனுபவித்த ஒருத்தியையாவது நான் பார்க்க வேண்டும்.

ஆறாவதை எழுத இடம் போதவில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினேன்.

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு ரூத் அக்கா வந்தார். ராபர்ட்சன்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் டீச்சர். பாடகர் குழுவில் மூன்று ஆண்களின் சத்தம் அவர் ஒருவருக்கே உண்டு. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு அவரோடு ஞாயிற்றுக்கிழமை வணக்கத்துக்கு மேல் பழக்கம் கிடையாது. காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்தார்.

"இன்னா ப்ரிசில்லா, கர்த்தருக்கே டிராயிங் போட்டு அனுப்பிட்டியா?"

என்னுடையது இல்லை என்று சொன்னேன். கூசாமல் பொய் சொன்னேன்.

"நம்ம சபையில ஜெபத்துக்கு நம்பர் போட்டு, அளவு எழுதி, அச்சு மாதிரி எழுத்துல தர்றவங்க வேற யாரு கீறாங்க? வேற யாருனா இத எடுத்திருந்தா ஜன்னலுக்கு ஆர்டர் குடுத்திருக்காங்கன்னு நெனச்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தொழிற்சாலையில் வரைபடத்துக்குக் கீழே எழுதிப் பழகிய அதே எழுத்தில், அதே வரிசை எண்களோடு எழுதியிருக்கிறேன். பெயர்தான் போடவில்லை. மற்றதெல்லாம் போட்டிருக்கிறேன்.

அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். "யாருதுன்னு கேக்கக் கூடாதுன்றது வழக்கம். நான் கேக்கல. கதவச் சாத்து. காட்டறேன்."

அவருக்கு நான்கு வருடங்களுக்கு முன்னால் அதே வேலூரில் அதே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அவர் வீட்டாரைத் தவிர எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் அலமாரிக்குள் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்த அதே அறையில் நின்று அக்கா எனக்குக் காட்டினார். ஒரு பக்கம் சற்று மேலே, சற்றுச் சிறியதாக இருந்தது. முலைக்காம்பு கிடையாது. அதற்கு இன்னொரு சின்ன ஆபரேஷன் உண்டாம், அக்கா வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரைக்கும் ஒரு கோடு. அழகாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது அக்காவின் உடம்பாக இருந்தது. யாரோ கொண்டுவந்து ஒட்டியதுபோல் இல்லை.

என் கேள்விகள் கொட்டின. அக்கா எதையும் இனிப்பாக்கிச் சொல்லவில்லை.

"தொட்டா தெரியாது. ஒரு வாட்டி இட்லிப் பானை ஆவி பட்டுக் கொப்பளமே வந்துச்சு, எனக்குத் தெரியல. முன்னால இருந்தது திரும்ப வராதும்மா. இது வேற. ஆனா குனிஞ்சா கூடவே குனியும், ஓடுனா கூடவே வரும். அவ்ளோதான் அதுங்கிட்ட நான் எதிர்பாக்கறது."

பிறகு டாக்டர் சொன்னதைக் குறித்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். படித்துப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா இவ்ளோதான் சொன்னாங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் "முடியும்" என்று சொன்னதையெல்லாம் எழுதியிருந்தேன். "ஆனால்" என்று ஆரம்பித்த ஒன்றையும் எழுதவில்லை. பத்து வருடமாக அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், என் விஷயத்தில் பாதி அளவைத்தான் குறித்திருக்கிறேன்.

பிப்ரவரியில் இருவரும் சேர்ந்தே வேலூருக்குப் போனோம். காட்பாடி வரைக்கும் அக்கா பாடிக்கொண்டே வந்தார். எதிர் சீட்டுக்காரர் இறங்கும்போது கைகூப்பிவிட்டுப் போனார், பாட்டு முடிந்த நிம்மதியாகவும் இருக்கலாம். இந்த முறை டாக்டரிடம் "ஆனால்" எல்லாவற்றையும் கேட்டேன். அளவு ஒன்றுபோல் வராது, நெருக்கமாக வரும். தழும்பு மங்கும், மறையாது. ஓரத்தில் கொஞ்சம் சதை ஒட்டாமல் போகலாம், அதற்குப் பல வாரம் கட்டுப் போட வேண்டியிருக்கும். வயிறு பலவீனமாகும், மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. செய்துகொள்ளாமலே இருப்பதும் சரியான முடிவுதான், நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அன்று திரும்பி வரும் ரயிலில் ஜெபித்தேன். எண் போடாத முதல் ஜெபம் அதுதான். "ஆண்டவரே, எனக்கு இது வேண்டும் என்று இப்போது தெரிகிறது. வருவதை ஏற்றுக்கொள்ளும் மனசைக் கொடும்." வீட்டுக்கு வந்து கணவரிடம் முடிவைச் சொன்னேன். அவர் லீவுக்கு எழுதிப் போட்டார்.

மார்ச்சில் ஆபரேஷன். ஏழு மணி நேரம். விழித்தபோது வலி மார்பில் இல்லை, வயிற்றில் இருந்தது. ஒரு வாரம் கேள்விக்குறி மாதிரி வளைந்துதான் நடந்தேன். கட்டுப் பிரித்த நாளில் கீழே பார்த்தேன். நீலமாக, வீங்கிப்போய், மற்றதைவிடப் பெரியதாக, யாருடையதோ போல இருந்தது. கீழ் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன், இருந்தும் அழுதேன். அந்த வாரக் கடைசியில் அக்கா வந்தார். பார்த்ததும், "எனக்கும் இதே மூலையிலதான். ரெண்டு மாசம் ஆச்சு ஆற. மூணு மாசத்துக்குக் கண்ணாடி சொல்றத நம்பாத" என்றார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்கு இரண்டு சுளை கொடுத்துவிட்டு மீதியை அவரே தின்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுக் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், வந்தால் எத்தனை குடம் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு குடம்கூட நான் தூக்கக் கூடாது. என் கணவர் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தில் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். ரூத் அக்கா உங்களில் சிலரிடம், "ப்ரிசில்லாவால தூக்க முடியாது, அவ்ளோதான் சொல்வேன்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதமும் எங்கள் டிரம் வற்றியதே இல்லை. ஒருவரும் காரணம் கேட்கவில்லை. தண்ணீர் பிடித்த கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும், இங்கே பெயர் போட்டால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள்.

புண் ஆறிவிட்டது. வீக்கம் வடிந்தது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டு, வேறு யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். எஃகு அளவுகோலை எடுத்து அளந்தேன். வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்.

கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இன்ஸ்பெக்டரம்மா, பாஸா, ரிஜெக்டா?" என்றார். அதிகம் பேசாதவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

எங்கள் தொழிற்சாலையில் பாஸ், ரிஜெக்ட் என்ற இரண்டு முத்திரைகளோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒரு பாகம் வரைபடத்து அளவில் இல்லை, ஆனால் பொருந்துகிறது, பாரம் தாங்குகிறது, தன் வேலையைச் செய்கிறது என்றால், வடிவமைத்தவரிடம் அனுப்புவோம். அவர் பார்த்து, "விலகலோடு ஏற்கப்பட்டது" என்று கையெழுத்திட்டால் அது வண்டியில் ஏறும். அப்படிப்பட்ட பாகங்களோடு எத்தனையோ வண்டிகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. "மூணாவது முத்திரை" என்று அவரிடம் சொன்னேன். "கையெழுத்து ஆயிடுச்சு."

சகோதரிகளே, என் சீட்டில் இருந்த ஆறில் முதலாவது கிடைத்தது. இரண்டு, நான்கு, ஐந்து கிடைக்கவில்லை. ரவிக்கைகளில் மூன்று பொருந்தின, மற்றவற்றைப் பிரித்துத் தைத்தேன். ஓரத்தில் நெருக்கி எழுதிய ஆறாவதைக் கர்த்தர் எல்லாவற்றுக்கும் முன்னால் கொடுத்தார், நான்கே நாளில், காபி குடிக்க வைத்து. மற்றவை கிடைக்காமலும் நான் சந்தோஷமாக இருப்பதற்கு அதுவே காரணம். என் பார்வையில் அது தற்செயல் அல்ல. கூடையில் நாற்பதுக்கு மேல் சீட்டுகள் இருந்தன.

இப்போது 2000ஆம் வருடம். பரிசோதனைகள் சுத்தமாக இருக்கின்றன. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தை இடுப்புக்கு நேராகப் பிடித்து நிற்கிறேன். போன வருடம் நம் கூட்டத்தில் நான் இதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன், ரூத் அக்காவும் எழுந்து நின்றார். அதன் பிறகு இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் செய்துகொண்டார். கோலாரிலிருந்து வந்த இன்னொரு சகோதரி என்னைப் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, "எனக்கு வேணாம் அக்கா, நான் இப்படியே இருக்கேன்" என்று முடிவெடுத்தார். போகும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதி, நான் வேலூரிலிருந்து திரும்பிய அன்றைய என் நிம்மதிக்குக் குறைந்ததல்ல. இரண்டு பேருக்காகவும் ஒரே அளவு நன்றி சொன்னேன்.

இதைப் படிக்கிற உங்களில் ஒருத்தி குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவளாக இருந்தால், உனக்குத்தான் எழுதுகிறேன். உனக்கு என்ன வேண்டுமோ அதைக் கர்த்தரிடம் வெட்கப்படாமல் கேள், அளவு போட்டுக்கூடக் கேள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கூடவே, இதை அனுபவித்த ஒரு ஆளையும் அவரிடம் கேள். எனக்கு இந்த மாதம் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம், வந்து உட்கார். கதவை நான் சாத்துகிறேன்.